ஜன்னலைப் பற்றிக் கேட்டிருந்தேன்

பன்வில, மேற்பிரிவு லயம்
03.03.2024

தம்பி ஜெயராஜ் அறிவது,

உன் மச்சானுக்கு முழங்கால் வலி, எனக்கு உன்மேல் கோபம். மற்றபடி இங்கே எல்லோரும் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய், உனக்கென்ன குறை.

கடிதத்தைக் கண்டதும் திகைத்திருப்பாய். பொங்கலுக்கு மறுநாள் மாரியம்மன் கோயிலில் எல்லார் முன்னாலும் சூடத்தை அடித்து, "இனிமே இவன்கூட ஒரு வார்த்த பேச மாட்டேன், இவன் வேல செய்யிற கட்டடத்துப் படிய மிதிக்க மாட்டேன்" என்று சத்தியம் செய்தவள் எழுதுகிறாளே என்று. யோசித்துத்தான் எழுதுகிறேன். பேச மாட்டேன் என்றுதான் சொன்னேன், எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. பூசாரியிடமும் கேட்டேன். அவர் தாடியைச் சொறிந்துவிட்டு, "எழுத்துக்குச் சத்தம் இல்லையே தாயி" என்றார். எனக்கு அது போதும்.

அதற்காக நீ செய்தது சரியென்று ஆகிவிடாது. நிரோஜினியைக் கல்வியியற் கல்லூரிக்கு அனுப்ப நான் ஆயத்தம் செய்துகொண்டிருந்தேன். நீ வந்து கண்டியில் சேலைக் கடை வேலை, தங்க இடம், சம்பளம் என்று அடுக்கினாய். அவளும் பையைத் தூக்கிக்கொண்டு மாமன் பின்னால் கிளம்பிவிட்டாள். பெற்றவளை ஒரு வார்த்தை கேட்டீர்களா, இரண்டு பேரும்?

போகட்டும். இப்போது ஒன்று மட்டும் கேட்கிறேன். அவளுக்குச் சின்ன வயதிலிருந்து இழுப்பு இருப்பது உனக்குத் தெரியும். அடைத்த அறையில் படுத்தால் மூச்சு முட்டும், ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு நீயே அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாய். அவள் தங்கியிருக்கும் மேல்மாடி அறைக்கு ஜன்னல் உண்டா?

உன் மச்சானுக்கு நீ போன் எடுப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அவர் பாதியை மறந்துவிட்டு மீதியைத்தான் எனக்குச் சொல்கிறார். ஆகவே எழுது.

கோபம் குறையாத,
அக்கா சுதர்சினி


கண்டி
19.03.2024

என் அன்பு அக்காவுக்கு ஜெயராஜ் வணங்கி எழுதுவது,

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. நான் நல்ல சுகம். மச்சானின் முழங்காலுக்கு எண்ணெய் அனுப்புகிறேன், இரவில் தேய்க்கச் சொல்லுங்கள்.

நிரோ மிகவும் சந்தோஷமாக இருக்கிறாள். சிங்களம் இப்போது தண்ணீர் போல வருகிறது. சேலை மடிக்கும் வேகத்தைப் பார்த்து ஸாகி முதலாளியே அசந்துபோனார். அவர் அக்குறணைக்காரர், நல்ல மனிதர். ஐந்து மாடியும் அவருடையது. கீழே கடை, நடுவில் களஞ்சியம், உச்சியில் வேலைசெய்யும் பிள்ளைகளுக்குத் தங்கும் அறை.

எனக்கும் இப்போது பெரிய வேலை அக்கா. கட்டடத்தின் வெளிச் சுவர் முழுக்கப் பாசி பிடித்துக் கிடந்தது. அதற்குக் கிளாடிங் அடிக்கிறோம். சுவரில் இரும்புச் சட்டம் போட்டு, அதன்மேல் பளபளவென்று அலுமினியத் தகடு. வெள்ளி நிறமும் சிவப்பும். ஆட்களை வைத்து வேலை வாங்குவது நான். ஆகஸ்டில் பெரஹரா ஊர்வலம் வருவதற்கு முன் முடித்துத் தருகிறேன் என்று முதலாளிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். முடிந்ததும் வந்து தெருவில் நின்று பாருங்கள், படியை மிதிக்காமலே பார்க்கலாம்.

வெட்டி மிஞ்சிய துண்டுகளைத் தேயிலைக் கொழுந்து லொறியில் அனுப்பியிருக்கிறேன். அடுப்புக்குப் பின்னால் சுவரில் அடிக்கச் சொல்லுங்கள். கரி பிடிக்காது, ஈரத் துணியால் ஒரு தடவை துடைத்தால் கண்ணாடி. நெருப்புச் சூடும் பலகைச் சுவருக்குப் போகாது.

உங்கள் கோபத்துக்கும் ஆசீர்வாதத்துக்கும் காத்திருக்கும்,
தம்பி ஜெயராஜ்


பன்வில
14.04.2024

தம்பிக்கு,

புத்தாண்டு வாழ்த்து. உன் கடிதம் தோட்ட ஆபீஸில் கிளாக்கர் ஐயாவின் மேசையில் தூங்கி எழும்பி இப்போதுதான் என் கைக்கு வந்தது. நாங்கள் சுகம். எண்ணெய் தேய்த்து உன் மச்சானின் முழங்கால் மினுங்குகிறது, வலி அப்படியே இருக்கிறது.

தகடு வந்து சேர்ந்தது. அவர் ஆணி அடித்துப் பொருத்திவிட்டார். உண்மையைச் சொன்னால் அழகுதான். வெள்ளித் துண்டு அடுப்புக்கு நேரே, சிவப்பு பக்கத்தில். அடுப்படிக்குள் ஒரு விளக்கு கூடினது மாதிரி இருக்கிறது. பக்கத்துக் காம்பரா மூக்காயி அக்கா காலையில் வந்து அதில் முகம் பார்த்துத் தலை சீவிவிட்டுத்தான் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிறாள். லயத்தில் எல்லாருக்கும் இப்போது தகடு வேண்டுமாம். "ஒன் தம்பி ராசா மாதிரி புள்ள, அவனப் போயி பேசாம வச்சிருக்கியே" என்று எனக்குப் புத்தி வேறு சொல்கிறார்கள். தகடு கொடுத்து ஊரையே உன் பக்கம் சேர்த்துவிட்டாய்.

ஜன்னலைப் பற்றிக் கேட்டிருந்தேன். நீ சேலை, சிங்களம், சிவப்பு, வெள்ளி எல்லாம் எழுதியிருக்கிறாய். அது மட்டும் இல்லை. மறந்திருப்பாய் என்று நினைத்துத் திரும்பவும் கேட்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. சாரத்தில் ஏறும்போது செருப்போடு ஏறாதே.

அக்கா


கண்டி
02.05.2024

அன்பு அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன், அங்கே அனைவரும் அப்படியே இருக்க வேண்டும். லயத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் தகடு எடுத்து வைத்திருக்கிறேன். மூக்காயி அக்காவுக்குச் சிவப்பு தனியாக.

நிரோவின் அறையைப் பற்றிக் கவலை வேண்டாம். முதலாளி ஏசி போட்டுத் தந்திருக்கிறார். உள்காற்றை இழுத்து வெளியே விட ஃபேன் வேறு. காற்றுக்கு ஒரு குறையும் இல்லை. தெருப் புகையும் தூசியும் உள்ளே வருவதே இல்லை, அவளுடைய இழுப்புக்கு அதுதான் நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. மருந்து பம்பும் எப்போதும் தலைமாட்டில் இருக்கிறது.

வேலை மூன்றாம் மாடி தாண்டிவிட்டது. பாதியில் தகடு முடிந்து, கடையில் அதே வகை இல்லையென்று வேறு இடத்தில் எடுத்தோம். நிறம் ஒரு துளி வித்தியாசமில்லை. கீழே போகிறவர்கள் கழுத்து வலிக்கப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள்.

அன்புடன்
ஜெயராஜ்


பன்வில
26.05.2024

தம்பி ஜெயராஜுக்கு,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வடை சுட்டுக்கொண்டிருந்தேன். தாச்சியில் எண்ணெய் அளவுக்குக் கூடக் காய்ந்து குபீரென்று பிடித்துக்கொண்டது. இது அடுப்படியில் எப்போதும் நடக்கிறதுதான். மூடியைப் போட்டால் அணைந்துவிடும். மூடியைப் போட்டேன், தாச்சி அணைந்தது. ஆனால் சுவர் எரிகிறது, தம்பி! உன் தகடு எரிகிறது! வெள்ளித் தோல் அப்பளம் போலச் சுருண்டு, உள்ளேயிருந்து கறுப்பாக ஏதோ உருகிச் சொட்டுகிறது. சொட்டுகிறதும் நெருப்போடு சொட்டுகிறது. புகையென்றால் சாதாரணப் புகை இல்லை, கண்ணையும் நெஞ்சையும் அடைத்தது. உன் மச்சான் கையாலேயே பிய்த்து எடுக்கப் போய் முழங்கைவரை கொப்புளம். மூக்காயி அக்கா நனைத்த சாக்கைக் கொண்டுவந்து போட்டிருக்காவிட்டால் கூரைக்குப் போயிருக்கும். எல்லா வீட்டுக்கும் ஒரே கூரை, அதற்குப் போனால் லயம் முழுக்கப் போகும், உனக்கே தெரியும்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தகரம் எரியுமா? இத்தனை வருஷம் அடுப்பூதியவளுக்கு இது தெரியவில்லை. மூக்காயி அக்கா, "ஊரு கண்ணு பட்டிருச்சு" என்கிறாள். பூசாரி, சத்தியத்தைச் சுற்றி வளைத்து எழுதினதுக்கு அம்மன் காட்டிய அடையாளமோ என்று இழுக்கிறார். உன் மச்சான் எண்ணெயில் கலப்படம் என்கிறார். நான் சுவரையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். நெருப்பைத் தடுக்கத்தானே அடித்தோம்?

இது நீ அந்தக் கட்டடத்துக்கு அடிக்கும் அதே தகடுதானா?

ஜன்னலைப் பற்றியும் இன்னும் எழுதவில்லை. ஏசி உண்டு, ஃபேன் உண்டு என்றாய். நான் அதைக் கேட்கவில்லை.

அக்கா


கண்டி
09.06.2024

அன்பு அக்காவுக்கு,

படித்துப் பதறிப்போனேன். மச்சானின் கையை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை. மருந்து வாங்கி லொறிக்காரரிடம் கொடுத்திருக்கிறேன்.

அலுமினியம் எரியாது அக்கா. எரிந்தது எண்ணெயாகத்தான் இருக்க வேண்டும். தகட்டில் எண்ணெய்ப் பிசுக்குப் படிந்து அது எரிந்திருக்கும், பார்க்கிறவர்களுக்குத் தகடு எரிகிறது மாதிரி இருந்திருக்கும். தகடு வந்த பெட்டியில் நெருப்புக்குத் தாங்கும் என்று போட்டிருக்கிறது. அதற்குக் கடுதாசியும் இருக்கிறது, முத்திரை குத்தி. இவ்வளவு பெரிய கட்டடத்துக்கு எரிகிற சாமானை யாராவது விற்பார்களா, யாராவது வாங்குவார்களா? மனதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

நிரோ சுகம். புதிதாக ஒரு குடை வாங்கியிருக்கிறாள்.

ஜெயராஜ்

பின்குறிப்பு: எரிந்தது வெள்ளியா, சிவப்பா? இரண்டுமா? மிஞ்சிய துண்டை எறிந்துவிடாதீர்கள். லயத்தில் மற்றவர்கள் யாரும் இனி அடுப்படியில் அடிக்க வேண்டாம், அடித்திருந்தால் கழற்றிவிடச் சொல்லுங்கள். காரணம் ஒன்றுமில்லை, சும்மாதான்.


பன்வில
30.06.2024

தம்பிக்கு,

மச்சானின் கை ஆறி வருகிறது. எனக்குச் சுகம்தான், மனதுக்கு இல்லை.

நீ கடிதத்தில் ஒன்று எழுதுகிறாய், பின்குறிப்பில் வேறொன்று எழுதுகிறாய். சின்னப் பிள்ளையில் அப்பாவின் ரேடியோவை உடைத்துவிட்டு, பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் சொல்லி முடித்து, எழும்பிப் போகும்போது, "ரேடியோவுக்குப் புது பேட்டரி போடணுமாப்பா" என்று கேட்பாயே, அதே ஆள்தான் நீ.

எரிந்தது வெள்ளி. பக்கத்தில் இருந்த சிவப்பு கறுத்ததே தவிர எரியவில்லை. நம்பாமல் இரண்டிலும் ஒரு துண்டை முறித்து வாசலில் விறகு மூட்டிப் போட்டுப் பார்த்தேன். வெள்ளி எண்ணெய்ப் பந்தம் போல எரிந்து சொட்டியது. சிவப்பு அப்படியே கிடந்தது. இரண்டும் ஒரே கட்டடத்துக்கு வந்த தகடு, ஒரே ஆள் அனுப்பியது, ஒன்று எரியும், ஒன்று எரியாது என்றால் நான் என்னவென்று விளங்கிக்கொள்வது? இந்தத் தடவை பிசுக்கும் இல்லை, எண்ணெயும் இல்லை. நானே சாம்பல் போட்டுக் கழுவினேன்.

மூக்காயி அக்கா தன் சிவப்பைக் கழற்ற மாட்டாளாம். எரியாதது தன்னுடையது என்று இப்போது இன்னும் பெருமை.

நிரோவுக்குப் போன் எடுத்து, ஜன்னல் இருக்கா புள்ள என்று கேட்டேன். "மாமாகிட்ட கேளுங்கம்மா" என்று சொல்லிவிட்டுக் கடையில் ஆள் வந்திருக்கிறது என்று வைத்துவிட்டாள். மூன்று தடவை கேட்டேன், மூன்று தடவையும் கடையில் ஆள் வந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் நான் வந்து இழுத்துக்கொண்டு போய்விடுவேன் என்று அவளுக்குப் பயம். உனக்கு என்ன பயம்?

உண்டு, இல்லை. இந்த இரண்டில் ஒன்றை எழுது. வேறு எதுவும் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

அக்கா


கண்டி
18.07.2024

அன்பு அக்காவுக்கு,

உடம்பு சுகம். தூக்கம் இல்லை.

நானும் எரித்துப் பார்த்தேன். வெல்டிங் வேலை செய்யும் ருஷ்தியும் நானும் கட்டடத்துக்குப் பின்னால் துண்டுகளைப் போட்டுப் பார்த்தோம். வெள்ளியில் சிலது எரிந்தது, சிலது எரியவில்லை. சிவப்பிலும் ஒரு துண்டு எரிந்தது. ஆகவே மூக்காயி அக்காவிடம் சொல்லுங்கள், அவர் துண்டையும் நம்ப முடியாது. எல்லாவற்றின் முதுகிலும் ஒரே ஸ்டிக்கர்தான். இரண்டு அலுமினியத் தோலுக்கு நடுவில் ஒரு கறுப்புப் படலம் இருக்கிறது, ஒன்றில் அது வெறும் பிளாஸ்டிக், மற்றதில் வேறு ஏதோ கலந்தது என்று ருஷ்தி சொல்கிறான். அவனுக்கும் சரியாகத் தெரியாது. முதல் கடையில் எடுத்தது எது, அடுத்த கடையில் எடுத்தது எது என்று இப்போது சுவரில் பார்த்துச் சொல்லவே முடியாது அக்கா. நான்தான் பொருத்தினேன், எனக்கே தெரியவில்லை.

விற்ற கடைக்குப் போனேன். "எல்லாம் ஒண்ணுதான், நீங்க எரிக்காம இருந்தா எரியாது" என்று சிரித்தார்கள். ஓர் அரசாங்கக் கந்தோரில் கேட்டேன். கடுதாசியைப் பார்த்துவிட்டு, இதில் தாங்கும் என்று இருக்கிறதே, பிறகென்ன என்றார்கள். கொழும்பில் வேலை செய்த ஒரு பொறியியலாளர், முழுவதும் கழற்று என்றார். இன்னொருவர், உள்ளே நெருப்புப் பிடித்தால்தானே வெளியே பயம், உள்ளே கவனமாக இருங்கள் என்றார். முதலாளியிடம் எரிந்த துண்டைக் காட்டினேன். பாவம், முகம் வெளிறிவிட்டது. "எனக்கு எனத்தியன் தம்பி தெரியும்? நல்ல சாமான் எண்டு செல்லித் தந்த, நான் எடுத்த. கடுதாசியும் ஈக்கிதே" என்றார். துண்டைத் திருப்பித் தந்துவிட்டு, "பெரஹரா முடியட்டும், பாப்பம்" என்றார். யார் சொல்வதைக் கேட்பது? ஒவ்வொருவர் பேசும்போதும் அவர் சொல்வது சரியாகப் படுகிறது. வெளியே வந்தால் தலை சுற்றுகிறது.

ஒன்று கேட்க வேண்டும். நிரோவைக் கொஞ்ச நாள் வீட்டுக்கு அனுப்பட்டுமா? கோயில் திருவிழா என்று நீங்களே கூப்பிட்டது மாதிரி இருக்கட்டும். நான் சொன்னதாக அவளுக்குத் தெரிய வேண்டாம். பெரஹரா நேரம் கடையில் லீவு கிடைப்பது கஷ்டம், ஆனாலும் முதலாளியிடம் பேசிப் பார்க்கிறேன்.

ஜெயராஜ்


பன்வில
29.07.2024

ஜெயராஜுக்கு,

சுகம் விசாரிக்க இப்போது நேரமில்லை.

உன் கடிதம் இன்றைக்குத்தான் ஆபீஸிலிருந்து வந்தது. இவ்வளவு எழுதியும் நான் கேட்டதற்குப் பதில் இல்லை. ஆனால் பிள்ளையை அனுப்பட்டுமா என்று கேட்டாய் பார், அதிலேயே எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மலை வேலை இல்லை. முதல் பஸ்ஸில் வருகிறேன். படியை மிதிக்க மாட்டேன், உன்னோடு பேசவும் மாட்டேன். எதிர்ப்பக்கம் தெருவில் நின்று என் கண்ணால் பார்த்துவிட்டு, பிள்ளையைக் கீழே கூப்பிட்டு, கையோடு கூட்டிக்கொண்டு போவேன்.

அக்கா


கண்டி
11.08.2024

என் அக்காவுக்கு,

நிரோவுக்கு இப்போது மூச்சு எப்படி? இரவில் இருமுகிறாளா? மச்சானும் நீங்களும் எப்படி இருக்கிறீர்கள்? எனக்கு உள்ளங்கையில் தோல் உரிந்திருக்கிறது, வேறொன்றுமில்லை.

நீங்கள் வருவதாக எழுதிய கடிதம், நீங்கள் வந்து போன மறுநாள் வந்தது.

ஆஸ்பத்திரியில் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நீங்கள், இந்தப் பக்கம் நான். நர்ஸம்மா ஏதாவது கேட்டால், "ஒன் மாமாகிட்ட சொல்லு புள்ள" என்று ஒட்சிசன் மாட்டிக்கொண்டு கிடந்தவளிடம் சொல்கிறீர்கள். நான் உங்களிடம் சொல்ல நினைத்தது ஒன்றையும் சொல்ல முடியவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

அன்றைக்கு ஞாயிறு என்பதால் பிள்ளைகள் எல்லோரும் மேலே படுத்திருந்தார்கள். பெரஹரா நெருங்கிவிட்டதென்று பெயர்ப் பலகைக்கு ருஷ்தி இரும்பு ஒட்டிக்கொண்டிருந்தான். நான் சாரத்தில் அவன் பக்கத்தில். பொறி தகட்டுக்குப் பின்னால் விழுந்து, சுவருக்கும் தகட்டுக்கும் இடையில் பிடித்துக்கொண்டது எங்களுக்குத் தெரியவே இல்லை. எங்கள் முகத்துக்கு முன்னால் தகடு எப்போதும் போலப் பளபளவென்று இருந்தது. புகை உச்சி மூலையால் வந்திருக்கிறது. அது தெருவில் நிற்பவர்களுக்குத்தான் தெரியும்.

அப்போதுதான் கேட்டது. "டேய் ஜெயா! மேல பார்றா! பொக வருதுடா! புள்ள மேல இருக்குடா!"

பொங்கலுக்குப் பிறகு கேட்காத குரல். பிரமை என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் எதிரே பழக்கடை வாசலில், தலையில் துணி இல்லாமல், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நீங்கள். தெருவே உங்களைத்தான் பார்க்கிறது. இரும்பு அலவாங்கை எடுத்துக்கொண்டு சாரத்தில் எப்படி ஏறினேன் என்று எனக்குத் தெரியாது. நிரோவின் ஜன்னலை மறைத்து நான் அடித்த தகடு எது என்று மட்டும் தெரிந்திருந்தது. எங்கே குத்தி நெம்ப வேண்டும் என்றும் தெரிந்திருந்தது. கீழ்வரிசை அதற்குள் சொட்டத் தொடங்கிவிட்டது. தகட்டை நெம்பி எறிந்து, கண்ணாடியை உடைத்தபோது உள்ளே நிரோ சுவரைத் தடவிக்கொண்டு நின்றாள். படிக்கட்டு முழுக்கப் புகையாம். ஒவ்வொருவராகச் சாரத்துக்கு இழுத்தோம். கீழே முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டு, "புள்ளயள் எல்லாரும் எறங்கின? எல்லாரும் எறங்கின?" என்று அழுதுகொண்டே நின்றார். தீயணைப்புப் படை வந்து மீதியை அணைத்தது.

நீங்கள் பல தடவை கேட்டதற்குப் பதில்: உண்டு அக்கா. அந்த அறைக்கு இப்போது ஜன்னல் உண்டு.

பெரஹரா நடக்கிறது. கரிந்த பக்கத்தை முதலாளி துணி போட்டு மறைத்திருக்கிறார். எரிந்த வரிசையைக் கழற்றிவிட்டோம். மிச்சத்தைப் பற்றி யோசிக்கிறார். மற்றப் பிள்ளைகள் எல்லோரும் நல்ல சுகம், கடைக்கு வருகிறார்கள். இங்கே இரண்டு நாளாக மழை.

தம்பி ஜெயராஜ்


பன்வில
25.08.2024

தம்பி ஜெயராஜுக்கு,

நிரோ இரவில் இப்போது நன்றாகத் தூங்குகிறாள். ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் படுக்கிறாள், பனி அடித்தாலும் மூட விடுவதில்லை. உன் மச்சானின் கையில் தழும்பு, உன் கையில் தோல் உரிந்திருக்கிறது, மாமனும் மச்சானும் ஜோடி சேர்ந்துவிட்டீர்கள். கையை நனைக்காதே.

அவள் திரும்பக் கடைக்குப் போக வேண்டும் என்கிறாள். நான் வேண்டாம் என்றால் அழுகிறாள், போ என்றால் எனக்கு அழுகை வருகிறது. கல்லூரி விண்ணப்பத்தை எடுத்து மேசையில் வைத்திருக்கிறேன். அவளும் பார்க்கிறாள், நானும் பார்க்கிறேன். எது சரியென்று எனக்கும் தெரியவில்லை.

நான் சத்தியத்தை உடைத்தது லயம் முழுக்கத் தெரியும். பூசாரி வந்து, அம்மனுக்கு அபராதமாக அடுத்த திருவிழாவில் தீ மிதிக்க வேண்டும் என்றார். "சாமி, இந்த வருஷத்துக்கு நான் பார்த்த தீ போதும். ஒரு சேலை சாத்துறேன், அம்மா ஒத்துக்குவா" என்றேன். அவர் தாடியைச் சொறிந்தார். மூக்காயி அக்கா அன்றைக்கே தன் சிவப்பைக் கழற்றிவிட்டாள். இப்போது தலை சீவக் கண்ணாடி இல்லை என்று என்மேல் கோபம்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லையென்று நினைக்காதே. எரியும் என்று தெரிந்தும் பிள்ளைகள் மேலே படுத்திருக்கும்போது அங்கே இரும்பு ஒட்ட விட்டாயே! அதை நினைத்தால் உன்னை அடிக்க வேண்டும் போல இருக்கிறது. புகைக்குள் ஏறினாயே, அதை நினைத்தால் உன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்ற வேண்டும் போல இருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் வருகிறது, நான் என்ன செய்ய.

உன் கடைசிக் கடிதத்தின் கடைசிப் பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். முதலாளி யோசிக்கிறார், மற்றப் பிள்ளைகள் சுகம், மழை பெய்கிறது. அந்தப் பிள்ளைகள் இரவில் எங்கே படுக்கிறார்கள், ஜெயா? அவர்களுடைய தலைக்கு மேலும் பக்கத்திலும் இன்னும் என்ன இருக்கிறது?

இதற்குப் பதில் எழுதாதே. எழுத்தில் நீ நன்றாக மறைக்கிறாய், குரலில் உனக்கு அது வராது. இன்றைக்கு மச்சானின் போனுக்கு அழைப்பு எடு. நான்தான் எடுப்பேன். நான்தான் பேசுவேன்.

அக்கா சுதர்சினி